பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கும் புகைச் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்துச் சாளையில் ஒரு ஆர்எக்ஸ் 100, ஒரு சுசுகி மேக்ஸ், இல்லையென்றால் பால் கேன் மாட்டின தழும்போடு ஒரு டிவிஎஸ் 50 நிற்கும். அவற்றை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். பாதிப் பேர் சட்டத்தைப் பற்றிப் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் சட்டமே தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள், இரண்டுமே சரியில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும், தமிழ்நாட்டில் பதிவான பெட்ரோல் டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. ஆட்டோ, லாரிக்கெல்லாம் கணக்கே வேறு.

15 வருசம் தாண்டின வண்டியை ஓட்டவே கூடாதாமே?

தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை கிடையாது. தனியார் வண்டிக்கு முதல் பதிவு 15 வருசம் செல்லும், அதற்கப்புறம் ஐந்தைந்து வருசமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மோட்டார் வாகனச் சட்டம் 41ஆவது பிரிவு சொல்வது இதைத்தான், இத்தனை தடவைக்கு மேல் புதுப்பிக்க முடியாது என்று அதில் எங்கேயும் இல்லை.

இந்தப் பேச்சு கிளம்பியது டெல்லியிலிருந்து. 2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 15 வருசம் தாண்டிய வண்டிகள் டெல்லி ரோட்டில் ஓடக் கூடாது என்றது. அடுத்த வருசமே டீசல் வண்டிக்கு அதை 10 வருசமாகக் குறைத்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே நடைமுறைப்படுத்தச் சொன்னது. இவை எல்லாம் டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகர வட்டாரத்துக்கும்தான். அப்புறம், 15 வருசம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க இருக்கிறது, அதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வாட்ஸப்பில் வந்த டெல்லிச் செய்தியை நம்பி, நல்ல ஓட்டத்தில் இருந்த யெஸ்டியை எடைக்குப் போட்ட வீடு எனக்குத் தெரியும். மைசூரில் அந்த வண்டியைச் செய்த கம்பெனியே 1996இல் மூடியாச்சு, இனி அது எங்கிருந்து வரும்? நினைத்தாலே வயிறு எரிகிறது.

பிஎஸ் 6 வந்துவிட்டதே, என் வண்டி எந்த பிஎஸ்ஸிலும் சேராதே, அது சட்டவிரோதமா?

இல்லை. பிஎஸ், அதாவது பாரத் ஸ்டேஜ் என்ற புகை அளவு எண்ணெல்லாம் வண்டி செய்கிற கம்பெனிக்கு. ஒரு வண்டி எந்தத் தேதியில் தயாரானதோ அன்றைக்கு இருந்த அளவுக்குள் அது இருந்தால் போதும், பின்னால் வந்த அளவை அதன் தலையில் கட்ட மாட்டார்கள்.

ஆனால் அந்த அளவுகள் எப்படி இறங்கி வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது, நம் வண்டிகள் ஏன் நின்றுபோயின என்பது அப்போது விளங்கும். இரு சக்கர வண்டிக்கு 1991இல் முதல் அளவு வந்தபோது கிலோமீட்டருக்கு 12 முதல் 30 கிராம் வரை கார்பன் மோனாக்சைடு விடலாம் என்றிருந்தது. 1996 ஏப்ரலில் அது பெரிதாக இறங்கியது. 1985 கடைசியில் வந்த ஆர்எக்ஸ் 100இன் தயாரிப்பு அந்த 1996 மார்ச்சோடு நின்றது. 2000இல் 2 கிராம், 2005இல் 1.5, 2010இல் பிஎஸ் 3 வந்தபோது 1 கிராம். எரியாமல் வெளியே போகும் பெட்ரோலுக்கும் இதே மாதிரிதான் இறுக்கினார்கள். 2017 ஏப்ரலில் பிஎஸ் 4, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6. ஒவ்வொரு படிக்கும் ஒரு டூ ஸ்ட்ரோக் மாடல் காணாமல் போனது, டிவிஎஸ் எக்ஸெல்கூட 2015 வாக்கில் எக்ஸெல் 100 என்று ஃபோர் ஸ்ட்ரோக்காகத்தான் மறுபடி வந்தது.

உங்கள் மேல் நேராக விழுவது வேறு ஒன்று. ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கான புகைச் சோதனை, அதாவது பியூசி.

டூ ஸ்ட்ரோக் மட்டும் ஏன் இவ்வளவு புகைக்கிறது?

ஃபோர் ஸ்ட்ரோக்கில் எரிந்த புகை வெளியே போவதற்கும் புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வருவதற்கும் தனித்தனி நேரம் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது புகை போகிற வழியும் கலவை வருகிற வழியும் சேர்ந்து திறந்திருக்கும், முன்வாசலும் பின்வாசலும் திறந்த வீட்டில் உள்ளே வந்த காற்று அப்படியே பின்னால் போவது மாதிரி, வந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடும். ஊற்றின பெட்ரோலில் கால்வாசி வரை இப்படிப் போகும். அதோடு, எஞ்சின் தேயாமல் இருக்கப் பெட்ரோலோடு சேரும் 2டி ஆயிலும் எரிகிறது, கண்ணுக்குத் தெரியும் நீலப் புகை அதுதான்.

எரியாத பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்தப் புகை முதலில் போய்ச் சேர்வது சிக்னலில் உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஸ்கூட்டியில் முன்னால் நின்றுகொண்டிருக்கும் குழந்தையின் முகத்தில். வண்டியின் மேல் எனக்கும் கொள்ளை ஆசை உண்டு. ஆசை இருக்கிறவர்கள்தான் அதைச் சுத்தமாக ஓட வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பியூசியில் என் வண்டிக்கு எவ்வளவு வரை விடுவார்கள்?

2000 மார்ச் 31க்கு முன்னால் தயாரான இரு சக்கர வண்டி என்றால், டூ ஸ்ட்ரோக்கோ ஃபோர் ஸ்ட்ரோக்கோ, ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல், 9,000 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 9,000 பங்கு). அதற்குப் பின்னால் வந்த டூ ஸ்ட்ரோக் என்றால் 3.5 சதவீதமும் 6,000 பிபிஎம்மும். இந்த அளவுகள் 2004 அக்டோபரிலிருந்து இருக்கின்றன. பழைய வண்டிக்கு நிறையவே தளர்வு கொடுத்திருக்கிறார்கள், நல்ல நிலையில் இருக்கும் ஆர்எக்ஸ் 100 இதில் பாஸாகும்.

பழைய வண்டிகளுக்குச் சீட்டு ஆறு மாதம்தான் செல்லும், பிஎஸ் 4 முதல் வந்த வண்டிகளுக்கு ஒரு வருசம். எங்கே எடுத்தாலும் இந்தியா முழுக்கச் செல்லும், வாளையாறு தாண்டினால் வேறு, தாளவாடி தாண்டினால் வேறு என்பதெல்லாம் இல்லை. சீட்டு இல்லாமல் பிடிபட்டால் 190ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸை மூன்று மாதம் முடக்குவது எல்லாம் உண்டு. நூறு இருநூறு ரூபாய் வேலையைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமே இல்லை.

போனேன், ஃபெயில் ஆகிவிட்டது. இனி என்ன செய்வது?

முதலில், வண்டியைக் காட்டாமலே சீட்டு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள். சீட்டு வரும், புகை அப்படியேதான் இருக்கும், எஞ்சினுக்குள் இருக்கும் கோளாறும் வளர்ந்துகொண்டே போகும். ஃபெயில் ஆன ரீடிங்கைக் கேட்டு வாங்குங்கள், கோளாறு எங்கே என்று அதுவே சொல்லும்.

கார்பன் மோனாக்சைடு அதிகம் என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக் முழுதாக மூடாமல் இருப்பது, கார்புரேட்டரில் மிதவை ஊசி தேய்ந்து வழிவது, ஏர் ஸ்க்ரூ தப்பியிருப்பது, இந்த நாலில் ஒன்றாக இருக்கும். அரை மணி நேர வேலை.

ஹைட்ரோகார்பன் அதிகம் என்றால் கலவை எரியாமல் போகிறது. ப்ளக்கைப் பாருங்கள், பாயின்ட் செட் உள்ள வண்டி என்றால் இடைவெளியையும் டைமிங்கையும் பாருங்கள். இவை சரியாக இருந்தும் குறையவில்லை என்றால் ரிங் தேய்ந்திருக்கும், சிலிண்டரை ரீபோர் செய்ய வேண்டும், அதாவது உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். இதில் நாம் கொடுத்து வைத்தவர்கள், கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தலைமுறை தலைமுறையாக மோட்டார் பம்பு வேலை செய்த லேத் பட்டறைகள் இருக்கின்றன, அளவு தவறாமல் போர் பிடிக்கிற கைகள் அங்கே இன்னும் உண்டு. பிஸ்டனைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள், பிஸ்டனை அளந்துதான் போர் பிடிக்க வேண்டும். பிஸ்டன் வராமல் போரை முதலில் பிடித்து வைக்கிற பட்டறைக்குக் கொடுக்காதீர்கள்.

ரீடிங் பாஸ், ஆனால் கண்ணுக்குப் புகை தெரிகிறது என்றால் ஆயில் சமாச்சாரம். ஆயில் பம்பு உள்ள வண்டிகளில் ஆக்சிலரேட்டர் கேபிளோடு பம்பு கேபிளும் சேர்ந்து இழுக்கும். அட்ஜஸ்ட்மென்ட் தப்பினால் பம்பின் கப்பியில் இருக்கும் குறி விலகி ஆயிலைத் தேவைக்கு மேல் தள்ளும். நிறையப் பேர் அந்தப் பம்பையே கழற்றி எறிந்துவிட்டு டேங்கில் கையால் கலக்கிறார்கள், அதுவும் எஞ்சின் பாதுகாப்புக்கு என்று லிட்டருக்கு 40, 50 மில்லி ஊற்றுகிறார்கள். அது பாதுகாப்பு இல்லை. அதிக ஆயில் கரியாகப் படிந்து சைலன்சரை அடைக்கும், எஞ்சின் இன்னும் சூடாகும். கையால் கலக்க வேண்டிய மொபெட்டுக்கு லிட்டருக்கு 20 மில்லி என்பதுதான் பொதுவான அளவு. ஆயிலும் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று டப்பாவில் போட்டிருக்கும் புகை குறைந்த வகையாகப் பார்த்து வாங்குங்கள். மொத்தமாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத ஆயிலை ஊற்றாதீர்கள்.

ஆயில் அளவும் சரி, புகை மட்டும் வெள்ளையாகக் கொட்டுகிறது, கியர் பாக்ஸ் ஆயிலும் குறைந்துகொண்டே வருகிறது என்றால் கிளட்ச் பக்கத்து க்ராங்க் ஆயில் சீல் போய்விட்டது. கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கிறது. மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் இதற்கு நேர் எதிர், வெளிக்காற்றை இழுத்து ஐடிலிங் தானாக ஏறும், கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சூட்டில் சிலிண்டரோடு இறுகி நின்றுவிடும். சீலின் விலை சொற்பம், க்ராங்கைத் திறக்கிற கூலிதான் அதிகம், ஆனாலும் செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: சோதனைக்கு வண்டியை ஆறேழு கிலோமீட்டர் நன்றாக ஓட்டிச் சூடாக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். வீட்டிலிருந்து நேராகப் பக்கத்துப் பங்குக்கு உருட்டிக்கொண்டு போய்க் கிக்கர் அடித்துக் காட்டினால் எந்த டூ ஸ்ட்ரோக்கும் ஃபெயில்தான்.

ஊட்டி ஏறினால் மட்டும் புகை அதிகமாகிறதே?

கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேலே காற்று மெலிவு, கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த அளவு பெட்ரோலையே கொடுக்கும். கலவை கெட்டியாகி ப்ளக் கறுத்துப்போகும். கோத்தகிரியிலோ குன்னூரிலோ குடியிருப்பவர்கள் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாகப் போட்டுக்கொள்வது நல்லது. ஒரு நாள் போய் வருபவர்கள் ஜெட்டைத் தொட வேண்டாம், இறங்கும்போது மெலிந்த கலவையில் எஞ்சின் சீஸ் ஆகிவிடும்.

இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

கவனிக்காமல் விட்டால் கெடுக்கும். இது புகைச் சட்டம் இல்லை, ஆனால் அதே நோக்கத்தில் வந்த மாற்றம், பழைய வண்டிக்காரர்களைச் சட்டத்தைவிட அதிகமாகத் தொடுகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துபோகும். சோதனையில் கார்பன் மோனாக்சைடு குறைவாகக் காட்டும், அது நல்லதுதான். ஆனால் மெலிந்த கலவை என்றால் எஞ்சின் சூடு, டூ ஸ்ட்ரோக்குக்குச் சூடுதான் முதல் எதிரி. சித்திரை வெயிலில் அவினாசி ரோட்டில் முறுக்கிப் பிடித்து ஓட்டுபவர்கள் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாகப் போட்டு, ப்ளக்கின் நிறம் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். ப்ளக் காபித்தூள் நிறத்தில் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் இன்னும் மெலிவு.

இரண்டாவது, ரப்பர். பெட்ரோல் ட்யூப், பெட்ரோல் டேப்புக்குள் இருக்கும் வாஷர், மிதவை ஊசியின் ரப்பர் முனை எல்லாம் எத்தனாலில் ஊறி உப்பும், கொஞ்ச நாளில் வெடிக்கும். எத்தனாலைத் தாங்குகிற ட்யூபும் வைட்டான் முனை வைத்த ஊசியும் ஸ்பேர் கடைகளில் கிடைக்கின்றன, எல்லாம் சேர்த்தே பெரிய செலவில்லை.

மூன்றாவதுதான் ஆபத்து. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் வண்டி மாதக் கணக்கில் சாளையில் நின்றால் டேங்கின் அடியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும். நீங்கள் கலந்த 2டி ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும். டேப்பைத் திறந்ததும் முதலில் எஞ்சினுக்குப் போவது ஆயிலே இல்லாத அந்த அடித் திரவம். டேங்க் துருப்பிடிப்பது ஒரு பக்கம், எஞ்சினே போவது இன்னொரு பக்கம். ஆகவே, வாரம் ஒரு தடவையாவது ஓட்டாத வண்டியில் பெட்ரோலை நிரப்பி வைக்காதீர்கள். நிறுத்தும்போது டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகிற வரை எஞ்சினை ஓட விடுங்கள். மாதங்கள் கழித்து எடுக்கும்போது பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

ஆர்சி புதுப்பிக்க எவ்வளவு ஆகும்? என்னது முடிந்து ரொம்ப நாளாகிறது.

பழைய வண்டிகளைச் சாகடிப்பது புகை இல்லை, இந்தக் காகிதம்தான். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் என்னிடம் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வண்டி பாஸாகும் நிலையில்தான் இருந்தது, ஆர்சி மட்டும் எப்போதோ முடிந்திருந்தது.

2022 ஏப்ரலுக்கு முன்னால் பைக்கின் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாய்தான். அன்றிலிருந்து அது 1,000. 2025 ஆகஸ்ட்டில், 20 வருசம் தாண்டிய பைக்குக்கு 2,000 என்று ஆக்கினார்கள். இதோடு தமிழ்நாட்டின் பசுமை வரியும் ஐந்து வருசத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். இதுவரைக்கும் பரவாயில்லை. தாமதக் கட்டணம்தான் கழுத்தைப் பிடிக்கும், பைக்குக்கு மாதம் 300 ரூபாய். ஐந்து வருசம் விட்டிருந்தால் அது மட்டும் 18,000. ஒரு டிவிஎஸ் 50இன் விலையைவிட அதிகம். வண்டியை வைத்திருக்கப் போகிறோமா இல்லையா என்று முடிவெடுக்காமல் ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போடுவது நேராகக் காசுதான். அதிகப் புகை விடும் பழைய வண்டிகளைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புகையை அளக்காமல் தேதியை மட்டும் அளந்து, பால் ஊற்றுகிறவரிடமும் பழைய பைக்குகளை வரிசையாக வாங்கி நிறுத்துகிறவரிடமும் ஒரே தொகை கேட்பது நியாயமாகத் தெரியவில்லை.

முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம். நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், பியூசி, சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட் வேண்டும். அப்புறம் வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். ஹாரன், லைட், இண்டிகேட்டர், பிரேக் வேலை செய்கிறதா, நம்பர் பிளேட் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார், அற்ப விஷயத்துக்குத் திரும்பி வர வேண்டியதாகிவிடும், முதல் நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தக வடிவ ஆர்சி வைத்திருப்பவர்களுக்கு ஒரு படி கூடுதல். உங்கள் நம்பர் அரசின் வாகன் இணையத்தளத்தில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பதிவான ஆர்டிஓவில் பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து ஏற்றித் தர வேண்டும், அது நடக்காமல் பியூசி முதல் ஆர்சி வரை எதுவும் ஆன்லைனில் நகராது. டிஎன் 37, டிஎன் 33 நம்பர்களில் பலவற்றின் எல்லை பின்னால் பிரிந்து புது ஆபீஸ்களுக்குப் போயிருப்பதால், எந்த ஆபீஸ் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆர்சி முடிந்த வண்டியை ஓட்டினால் 192ஆவது பிரிவில் முதல் தடவையே 2,000 முதல் 5,000 வரை அபராதம்.

வண்டி எங்க அப்பாரு (அப்பாவின் அப்பா) பேரில் இருக்கிறது, அவர் தவறிவிட்டார். நான் புதுப்பிக்க முடியுமா?

முதலில் உங்கள் பேருக்கு மாற்ற வேண்டும், படிவம் 31. இறந்து 30 நாளுக்குள் தகவல் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அத்தை, சித்தப்பா எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும் என்பதால், துக்க வீட்டிலேயே வண்டிப் பேச்சை எடுக்கத் தயங்கி வருசக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். காரியம் முடிந்ததும் பங்காளிகள் எல்லோரும் ஒன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஆர்எக்ஸ் 100இல் 135 எஞ்சின் வைத்திருக்கிறேன், கட் சைலன்சர் போட்டிருக்கிறேன். பிரச்சினை வருமா?

வரும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது 52ஆவது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எஞ்சின் மாற்றம் என்றால் ஆர்டிஓவிடம் முன்னாலேயே அனுமதி வாங்கி, ஆர்சியில் புது எஞ்சின் நம்பரை ஏற்ற வேண்டும். ஏற்றாத எஞ்சினோடு போனால் புதுப்பிக்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

சைலன்சரைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக் சைலன்சரின் உள்ளே இருக்கும் வடிவமே எஞ்சினின் ஒரு பாகம், வெளியே ஓடப்பார்க்கும் கலவையை அதன் அழுத்த அலைதான் திருப்பி உள்ளே தள்ளுகிறது. அதை வெட்டினால் சத்தம் வரும், இழுவை குறையும், எரியாத பெட்ரோல் இன்னும் அதிகமாக வெளியே போகும். 2000க்குப் பின் வந்த பல டூ ஸ்ட்ரோக்குகளில் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் சைலன்சருக்குள்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஹைட்ரோகார்பன் அளவுக்குள் வராது. சத்தமும் புகையும் ஒரே 190(2)இல்தான் வருகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். வேகமும் சத்தமும் வேண்டும் என்கிற தம்பிகளுக்கு, செட்டிபாளையத்தில் கார் பந்தயக்காரர் காரிவர்தன் பேரில் ரேஸ் டிராக்கே இருக்கிறது.

50 வருசப் பழசு என்றால் தனி நம்பர் கொடுக்கிறார்களாமே?

ஆமாம், 2021 ஜூலையில் வந்த விதி. முதல் பதிவாகி 50 வருசம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு விஏ என்ற எழுத்தோடு தனி நம்பர், 20,000 ரூபாய், 10 வருசம் செல்லும், மறுபடி புதுப்பிக்க 5,000. ஆனால் கண்காட்சிக்கும் ராலிக்கும் பெட்ரோல் போடவும் பட்டறைக்கும்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. உங்கள் அப்புச்சியின் பழைய லேம்ப்ரெட்டாவில் சந்தைக்குப் போய் வர ஆசை என்றால் இது வேண்டாம், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 100க்கு இந்தப் பேச்சே 2035க்கு அப்புறம்தான்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மாப்பிள்ளை பழைய ஜெட் ஸ்கீ ஒன்று வாங்கப் போகிறார். அங்கேயும் இதே சட்டமா?

கேள்வி வித்தியாசமாகத் தெரிந்தாலும் விஷயம் ஒன்றுதான், அந்தக் காலத்து ஜெட் ஸ்கீ, அதாவது தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர், எல்லாம் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக். புகை தண்ணீருக்குள்ளேயே விடப்படுவதால் எரியாத பெட்ரோலும் ஆயிலும் ஏரியில்தான் கலக்கும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் போட்ட விதி, 1990களின் கடைசி மாடல்களிலிருந்து படிப்படியாக இறுக்கி 2006க்குள் ஹைட்ரோகார்பனை 75 சதவீதம் குறைக்கச் சொன்னது. அதுவும் கம்பெனிகளுக்குத்தான், ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்களை ஒன்றும் செய்யவில்லை. அவர்களைத் தொட்டது இடத்துக்கு இடம் வந்த தடை. கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் இருக்கும் டாஹோ ஏரியில் 1999 ஜூன் 1 முதல் கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீகள் இறங்கக் கூடாது என்றார்கள். சுற்றியிருக்கும் ஊர்கள் குடிப்பதே அந்தத் தண்ணீரைத்தான். சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நமக்கு அந்தக் கோபம் நன்றாகவே புரியும். தேசியப் பூங்காக்கள் பலவற்றில் 2000இலிருந்து ஜெட் ஸ்கீக்கே கட்டுப்பாடு வந்தது. மீட் ஏரியில் 2013 தொடக்கத்திலிருந்து, 2006 அளவை எட்டாத டூ ஸ்ட்ரோக்குகளை விடுவதில்லை.

ஆகவே மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், வாங்குவதற்கு முன்னால் எந்த ஏரியில் ஓட்டப் போகிறார் என்று முடிவு செய்து, அந்த ஏரியின் விதியைக் கேட்கட்டும். கலிஃபோர்னியா என்றால் ஜெட் ஸ்கீயின் மேல் நட்சத்திர ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். 2001இலிருந்து வந்த வண்டிகளில் அது இருக்கும், நட்சத்திரம் கூடினால் புகை குறைவு. ஸ்டிக்கரே இல்லாத பழசு மலிவாகக் கிடைக்கும், பக்கத்து ஏரியில் இறக்க முடியாது என்பதுதான் அந்த மலிவுக்குக் காரணமாக இருக்கும்.

இப்போது ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கலாமா?

வாங்கலாம், வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்சியைப் பாருங்கள். நடப்பில் இருக்கிறதா, விற்கிறவர் பேரில்தான் இருக்கிறதா, சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா. நம்பரைத் தேய்த்துக் குத்தின மாதிரி இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். ஆர்சி முடிந்த வண்டி என்றால் தாமதக் கட்டணத்தை மாதக் கணக்கு போட்டு விலையில் கழித்துப் பேசுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிக்கர் அடிக்கச் சொல்லிப் பாருங்கள், ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

எலக்ட்ரிக்காக மாற்றிவிடலாமா?

அனுமதி பெற்ற கிட், அதைப் பொருத்த அனுமதி உள்ள பட்டறை, ஆர்சியில் எரிபொருள் மாற்றம், இந்த மூன்றும் இருந்தால் சட்டப்படி சரி. ஆனால் நல்ல எஞ்சினோடு இருக்கும் வண்டியைக் கழற்றி அப்படிச் செய்ய எனக்கு மனசு வராது.

இனி முடியாது, கொடுத்துவிடுகிறேன். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாமா?

அப்படியே போடாதீர்கள். வண்டி போனாலும் ஆர்சி உங்கள் பேரில் உயிரோடு இருக்கும். உங்கள் நம்பரும் சேசிஸும் வேறொரு வண்டியில் ஏறி, அது எங்கேயாவது விபத்தில் மாட்டினால் போலீஸ் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில். 55ஆவது பிரிவின்படி, இனி ஓடாது என்று ஆன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் ஆர்டிஓவில் எழுதிக்கொடுத்து, ஆர்சியை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் ஒப்படைத்ததற்கான சான்று தருவார்கள், பதிவு ரத்துக்கு அது உதவும். கொடுப்பதற்கு முன்னால் கார்புரேட்டர், மேக்னெட், ஆயில் பம்பு நன்றாக இருந்தால் தனியாகக் கழற்றி வைத்து, இதே வண்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள். அசல் பாகம் கிடைக்காமல்தான் பலரும் கண்ட டூப்ளிகேட்டையும் மாட்டிப் புகை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.